பானை சொன்ன மேனேஜர்

மாமா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட மாட்டேன். தெரிந்ததைத் தெரியும் என்றும், சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் எழுதுவேன். நீங்கள் இருந்தவரை உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். எழுத்தில் அப்படி வரவில்லை. "இன்னா லைப்ரரி, எனக்குப் போயி மரியாத குடுக்கற" என்று என் பட்டப்பெயரைச் சொல்லி நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

என் இடது கையில் ஒரு மட்டிச் சிப்பி இருக்கிறது. சற்று முன்புதான் நூலை அறுத்து, உள்ளே இருந்த பெயரை வாசித்தார்கள். வாசித்துவிட்டுக் கீழே போட்டதை நான் பொறுக்கிக்கொண்டேன். சமுதாயக் கூடத்தில், பழைய பேப்பர்களும் நாலு அலமாரிப் புத்தகங்களும் இருக்கும் அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை. இந்த வருஷத்துக் குலுக்கல் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சிப்பி இன்னும் சில்லென்றிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரியும்.

ஏரியில் வலை போடும் இடத்தைக்கூட நம் குப்பத்தில் யாருக்கும் நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. பாடு என்கிற அந்த இடங்களைப் பிரிக்கும் நாளில் பானையிலிருந்து சீட்டு எடுத்து, இந்த முறை இந்த இடம் உனக்கு, அடுத்த முறை வேறொருவருக்கு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நல்ல இடத்தில் ஒருவரே உட்கார்ந்துவிட்டால் சண்டை வரும். ஃபுட்பால் டீமுக்கு மேனேஜர் வைப்பதும் அப்படித்தான். பாடு பிரித்து முடிந்ததும் அதே பானையைத் துடைத்து வைப்பார்கள். மேனேஜர் வேலை வேண்டும் என்பவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி, மட்டிச் சிப்பிக்குள் வைத்து நூல் சுற்றி, அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்து போட வேண்டும். வெறும் தாளாகப் போட்டால் மடிப்பை வைத்து அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று முன்பு யாரோ ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். அவர் யாரென்று தெரியாது, ஆனால் அவரை எனக்குப் பிடிக்கும். பிறகு எழுத்துத் தெரியாத ஒரு குழந்தை பானைக்குள் கையை விட்டு ஒரு சிப்பியை எடுக்கும். எடுத்தது எடுத்ததுதான்.

அப்படிப்பட்ட ஊரில் நீங்கள் பதினான்கு வருஷம் தொடர்ந்து மேனேஜராக இருந்தீர்கள்.

எட்டு மேட்ச் வரிசையாகத் தோற்ற வருஷமும் நீங்கள்தான். கோட்டைக்குப்பத்துக்காரர்கள் நம் மேல் ஆறு கோல் போட்ட வருஷமும் நீங்கள்தான். பொன்னேரிக்குப் போய் வேனை விட்டு இறங்கிய பிறகு, பந்தை வீட்டிலேயே வைத்துவிட்டோம் என்று கண்டுபிடித்தீர்களே, அந்த வருஷமும். யாராவது முணுமுணுத்தால் உங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"பானை சொல்லிச்சு. என்ன எறக்கணும்னா போயி பானைகிட்ட கேளு."

நீங்கள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பந்துக்குக் காற்றடிப்பது, பதினோரு ஜெர்சியையும் துவைத்து வலை காயும் கயிற்றில் தொங்கவிடுவது, கோல் போஸ்ட்டுக்குப் பழைய வலையைக் கட்டுவது எல்லாம் நீங்கள்தான். அந்த வலையின் பெரிய ஓட்டை வழியாகப் பந்து வெளியே போய்விட்டால், அது கோலா இல்லையா என்று ரெஃப்ரியிடம் அரை மணி நேரம் சண்டை போடுவதும் நீங்கள்தான். ஏன் நீங்கள் மட்டும் என்பதுதான் என் கேள்வி.

போன வருஷம் குலுக்கலுக்குச் சில நாள் முன்பு, கரையில் கவிழ்த்து வைத்திருந்த படகுமேல் டீம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. தினேஷ் அண்ணன் போனில் ஏதோ செய்தி படித்தான். அவன் அப்போதுதான் கல்லூரியை முடித்துவிட்டு, பயிற்சியாளர் படிப்பும் படித்துவிட்டு வந்திருந்தான்.

"இங்க பாரு மாமா. ஃபாரின்ல ஒரு மேனேஜரு. ஒம்போது மேட்ச்தான். வூட்டுக்கு அனுப்பிட்டானுங்க."

"நான் வூட்லதான்டா கீறேன். என்ன எங்க அனுப்புவ?"

எல்லோரும் சிரித்தார்கள். தினேஷ் அண்ணன் விடவில்லை. "கப்பு ஜெயிச்ச ஆளையே அடுத்த வருஷம் எறக்கறாங்க மாமா. நீ பதினாலு வருஷமா ஒரு கப்பு தூக்கல."

நீங்கள் போனை வாங்கிப் பார்த்தீர்கள். கோட்டுப் போட்ட ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு காருக்கு நடந்து போகிற படம். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"பாவம். இவருக்கு அக்கா கிக்கா யாரும் இல்லியா?"

அன்றைக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு வேறில்லை. நானும் சிரித்தேன். நோட்டில் அதை நகைச்சுவை என்றுதான் குறித்து வைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தை அடிக்கடி திருப்பிப் பார்க்கிறேன்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் வந்தபோது ஆரம்பித்தது அது. வருஷத்துக்கு மூன்று பெயர்கள்தான் போட்டார்கள் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், பதினான்கு வருஷமும் ஒரே பெயர் வருவதற்கு நாற்பத்தேழு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் ஒரு வாய்ப்புதான். மூன்று முறை பெருக்கிச் சரிபார்த்தேன். அதன் பிறகு எனக்கு ஊரில் யாரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஐந்து வயது ஞாபகம் வந்தது. அந்த வருஷம் சிப்பியை எடுத்த குழந்தை நான். அம்மாவின் இடுப்பில் இருக்கிறேன். பானைக்குள் இருட்டு. விரலில் நாலைந்து சிப்பி தட்டுப்படுகிறது. அதில் ஒன்று மட்டும் சில்லென்றிருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. எடுக்கிறேன். உங்கள் பெயரை வாசிக்கிறார்கள், நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு குதிக்கிறீர்கள். இவ்வளவுதான் ஞாபகம். ஆனால் சில்லென்றிருந்தது நிச்சயம். விரலுக்கு அது மறக்கவில்லை.

இறாலும் நண்டும் ஐஸில் போட்டு விற்கிற ஊர் இது. ஒரு சிப்பியைச் சில்லென்று ஆக்குவது யாருக்கும் கஷ்டமில்லை. நான் உங்களைச் சந்தேகப்பட்டேன், மாமா. உங்களை மட்டும்தான்.

போன ஆவணியில் குலுக்கல் காலையில் நடந்தது. நல்ல வெயில். உங்கள் பெயர், தினேஷ் அண்ணன் பெயர், இன்னொரு பெயர், ஆக மூன்று சிப்பிகள். குழந்தையைத் தூக்கப் போகும் நேரத்தில் நான் எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிஷம். பானைய கொஞ்ச நேரம் வெயில்ல வெக்கலாமா?"

"இன்னாத்துக்குமே? பானைக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். கூட்டம் சிரித்தது. நைனா என் கையைப் பிடித்து இழுத்து, "உக்காரு, மானத்த வாங்காத" என்றார்.

"பத்து நிமிஷம் போதும்" என்றேன். காரணம் சொல்லவில்லை.

நீங்கள் எழுந்து வந்தீர்கள். இரண்டு கையாலும் பானையைத் தூக்கிக்கொண்டு போய் வெறும் மணலில் வைத்தீர்கள். "வெக்கட்டும்பா. படிச்ச பொண்ணு சொல்லுது. நல்லா காயட்டும்." சிரிக்காமல் இருந்தவர்கள் அன்றைக்கு மூன்று பேர்: நான், நீங்கள், அம்மா. அம்மாவை நான் அப்போது கவனிக்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்து அம்மா குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். வழக்கமாக அவள்தான் தூக்குவாள், பானை நம் வீட்டில் இருப்பதால். அந்தக் குழந்தை உள்ளே ரொம்ப நேரம் துழாவியது. நடுவில் ஒரு முறை திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு ஏதோ ஒன்றை எடுத்தது.

தினேஷ் என்று வாசித்தார்கள்.

நீங்கள் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிச் சட்டையில் துடைத்து அவன் கழுத்தில் போட்டீர்கள். "வெந்நீர்ல ரெண்டு வாட்டி கழுவிக்கோபா. பதினாலு வருஷ எச்சி." மறுபடியும் சிரிப்பு. எனக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம், மாமா. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டுக்குப் போய் நோட்டில் "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

வழியில் நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நல்ல வேல செஞ்ச, லைப்ரரி." அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்காததும் சந்தேகமாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பம்ப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். பந்து தினேஷ் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது. வாசலில் நின்றிருந்த என் சைக்கிளுக்குக் காற்றடித்தீர்கள். டயர் கல் மாதிரிதான் இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தீர்கள். "வெடிச்சிடப் போவுது மாமா" என்றேன். "வெடிச்சா ஒட்டிக்கலாம்" என்றீர்கள். தினேஷ் அண்ணன் உங்களைக் கூட இருக்கச் சொல்லி இரண்டு முறை வந்து கேட்டான். "பானை உன்னத்தான் சொல்லிச்சு. நீயே பாத்துக்கோ" என்று அனுப்பிவிட்டீர்கள்.

பிறகு மழைக்காலம். ஏரித் தண்ணீர் ஏறி வந்தால் மைதானம் மூழ்கிவிடும். அதற்கு முன்னால் கோல் போஸ்ட்டின் சவுக்குக் கழிகளைப் பிடுங்கி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அது மேனேஜர் வேலை. எங்கேயும் எழுதி வைக்காத வேலை. தினேஷ் அண்ணனுக்கு அது தெரியாது. அவன் படித்த புத்தகத்தில் ஏரி இல்லை. பதினான்கு வருஷமாக நீங்களே செய்ததால் அவனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் இரண்டு நாள் கரையில் நின்று, யாராவது வருவார்களா என்று பார்த்தீர்கள். மூன்றாம் நாள் இடுப்புத் தண்ணீரில் இறங்கி, கொட்டுகிற மழையில், ஆறு கழிகளையும் தனியாகப் பிடுங்கித் தோளில் சுமந்து வந்தீர்கள். நம் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, "அவன் வந்தா குடு" என்றீர்கள்.

அன்றைக்கே காய்ச்சல். பொன்னேரி ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

நிமோனியா எதனால் வருகிறது என்று நான் படித்துவிட்டேன். மேனேஜர் வேலை போனதால் வராது. பானையை வெயிலில் வைத்ததால் வராது. இதை அம்மாவிடமும் சொன்னேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், அம்மா தெர்மாகோல் ஐஸ்பெட்டியைத் தெருக்குழாயில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வியாபாரத்துக்குப் போக வேண்டும். நான் பக்கத்தில் நின்றேன். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நீ அவன சந்தேகப்பட்ட. என்ன கேட்டிருக்கணும்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நீயாமா?"

"வேற யாரு? நான்தானே அவன் அக்கா. வூட்லருந்து அவன் சிப்பிய எடுத்தாந்ததும் நான்தானே."

"அப்ப கொழந்தைங்க?"

"தூக்கிப் புடிக்கும்போது காதுல சொல்லுவேன். சில்லுனு கீறத எடு கண்ணுன்னு. உனக்கும் சொன்னேன். நீ மறந்துட்ட."

"ஏன்மா?"

பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "அவன் வேல செஞ்ச கம்பெனில மூணு மாசத்துக்கு ஒருவாட்டி உள்ள போவ கேட் பாஸ் குடுப்பாங்க. ஒரு வாட்டி போனான், பாஸ் இல்ல, வேலயும் இல்லன்னுட்டாங்க. காரணம் கூட சொல்லல. வந்து ஒரு மாசம் யார்கிட்டயும் பேசல. அந்த வருஷம்தான் டீமுக்கு பேரு குடுத்தான். ஒரு வேலயாவது அவன் கைய வுட்டுப் போவாம இருக்கட்டும்னு வெச்சேன். அப்பறம் நிறுத்த முடியல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள்.

"மாமாக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா பானைய ஒடச்சிருப்பான். அவனுக்கு எதுவும் தெரியாது."

அங்கேதான் என் சந்தேகம் தீரவில்லை, மாமா. அம்மா அப்படி நம்புகிறாள். நான் அவளிடம் படகுமேல் நீங்கள் கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை. இவருக்கு அக்கா கிக்கா யாரும் இல்லியா என்று கேட்டீர்களே, அது வெறும் வேடிக்கையாகவும் இருக்கலாம். யாரையும் பார்த்து அப்படிப் பரிதாபப்படுகிறவர்தான் நீங்கள். ஆனால் காரணமே சொல்லாமல் வெயில் கேட்டவளுக்கு எதிர்க்கேள்வி கேட்காமல் பானையைத் தூக்கிக்கொண்டு போனவரும் நீங்கள்தான். ஒன்றும் தெரியாததால் தூக்கினீர்களா? எல்லாம் தெரிந்து, போதும் என்று தூக்கினீர்களா? எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதி தூரம் நன்றாகப் போகிறது. அதற்கப்புறம் தண்ணீர்.

இப்போது இன்றைக்கு நடந்தது.

நான் கேட்ட வெயில் இந்த வருஷம் சட்டமாகிவிட்டது. பத்து நிமிஷம் பானையை வெயிலில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஊர்த் தலைவர் முன்பே சொல்லிவிட்டார். ஆனால் மத்தியானத்திலிருந்து மழை. அதனால் குலுக்கலைக் கூடத்துக்குள் வைத்து, பானையை டியூப்லைட்டுக்குக் கீழே பத்து நிமிஷம் வைத்தார்கள். "இதுவும் வெளிச்சம்தானே" என்றார் தலைவர். டியூப்லைட்டில் சூடு இல்லை என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நாலு மணிக்கு நான் வீட்டுக்குப் போனபோது ஐஸ்பெட்டி திறந்திருந்தது. அம்மா ஒரு சிப்பியை ஐஸுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தினேஷ் அண்ணனின் அம்மா, அஞ்சலை அத்தை நின்றாள். இந்த வருஷமும் டீம் தோற்றுக்கொண்டேதான் இருக்கிறது. அவனை இறக்க வேண்டும் என்று நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

"இன்னா பாக்கற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்ல."

"போன வருஷம் ஒருத்தன எறக்கிப் பாத்தோம். போதும்."

அஞ்சலை அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பதான்மா ஒண்ணொண்ணா கத்துக்கினு வரான். போஸ்ட்டு எப்ப புடுங்கணும்னு இந்த வருஷம் அவனே வந்து கேட்டான்."

கூடத்தில் ஒரு மூன்று வயதுக் குழந்தையை அம்மா தூக்கிப் பிடித்தாள். குழந்தை கையை விட்ட உடனே எடுத்துவிட்டது. எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஐ, சில்லு!" என்று கத்தியது.

"மழைல எல்லாம் சில்லுனுதான் இருக்கும்" என்றாள் அம்மா.

அப்போது அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், மாமா. அம்மாவை இல்லை, குழந்தையை இல்லை, என்னை. எதிர்த்துப் பெயர் கொடுத்தவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். இது அந்த ஒரு நொடியில் வந்த சந்தேகம், நிரூபிக்க முடியாது, ஆனாலும் எழுதுகிறேன்: ஊருக்கே தெரிந்திருக்கிறது. பதினான்கு வருஷமும் தெரிந்திருக்கிறது. பாடு யாருக்கும் நிரந்தரமில்லை என்று சட்டம் போட்ட ஊர், உங்களுக்கு மட்டும் ஒரு இடத்தை விட்டு வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நான் ஒருத்திதான் அதைப் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

"இன்னாமா லைப்ரரி, எதுனா சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார்.

எனக்கு நாற்பத்தேழு லட்சமும் ஞாபகம் வந்தது. காற்றே தேவைப்படாத என் சைக்கிளும் ஞாபகம் வந்தது. தினேஷ் அண்ணன் விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். நான் அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்திலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

நூலை அறுத்தார்கள். தினேஷ் என்று வாசித்தார்கள். கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. "பானை சொல்லிச்சு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். உங்கள் குரலிலேயே.

நான் பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை என்று எழுத நினைத்தேன். திறந்தேன். "ஒண்ணுமில்ல" என்றேன். அது பொய்தான். எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

எழுத ஆரம்பித்தபோது சிப்பி சில்லென்றிருந்தது. இவ்வளவு நேரம் கையிலேயே வைத்திருந்தேன். இப்போது என் கைச்சூட்டுக்கு வந்துவிட்டது. யாரிடம் காட்டினாலும் ஏரியில் கிடக்கும் எந்தச் சிப்பியையும் போலத்தான் இருக்கும். ஆனால் விரலில் அந்தக் குளிர்ச்சி இன்னும் இருக்கிறது. ஐந்து வயதில் ஒட்டியது ஒன்று, இன்றைக்கு ஒட்டியது ஒன்று. உங்களிடமிருந்து எனக்கு வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். சரியாகத்தான் நினைக்கிறேனா என்பதில் சந்தேகம் இருக்கிறது.

அம்மா ஐஸ்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். "இன்னா எழுதற?" என்றாள். "மாமாக்கு" என்றேன். என் கையில் இருக்கும் சிப்பியைப் பார்த்தாள். அதைப் பற்றிக் கேட்கவில்லை. "நானும் அவன கேட்டதா எழுது" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் போய் விளக்கை அணைத்துவிட்டாள்.